இரண்டு கையெழுத்து: திரும்பி வந்த ரத்தப் புற்றுநோயும் கார் டி செல் டிரையலும்

எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் "பிளாஸ்ட்" என்ற சொல்லுக்கு, அதாவது முதிராத புற்றுநோய்ச் செல்லுக்கு, நேராக மறுபடியும் ஓர் எண் ஏறியிருக்கும் நாளில், வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்த கீமோ எப்போது? நோய் திரும்பிவிட்டது, இனி ஒரு நாளும் வீணாகக் கூடாது என்ற பதைப்பு அது. நியாயமான பதைப்பு. ஆனாலும் அந்த கீமோவை ஏற்றுவதற்கு முன் டாக்டரிடம் இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும்: "இந்த மருந்தைப் போட்டால் பின்னால் கார் டி செல் மாதிரி ஒரு டிரையலில் சேர்வதற்குத் தடையாகுமா?"

டிரையல் (புதிய சிகிச்சையை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வு) என்றாலே எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு போகும் இடம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அப்படிக் காத்திருந்து போகிறவர்களைத்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதற்குள் டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணு) தேய்ந்திருக்கும், இதயமோ சிறுநீரகமோ தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஆறாத ஒரு தொற்று இருக்கும். டிரையலில் சேர முடியுமா என்பது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நான்கைந்து வாரங்களில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் அந்த வாரங்களுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான். பேசப்போவது பி செல் வகை ரத்தப் புற்றுநோய்களை, அதாவது பி-ஏஎல்எல் லுகீமியாவையும் பி செல் லிம்போமாவையும் பற்றி. இவற்றில்தான் கார் டி செல் சிகிச்சை நம் நாட்டில் அதிகம் சோதிக்கப்பட்டிருக்கிறது.

கார் டி செல் என்பது நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து செய்யும் மருந்து. ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களின் மேல் சிடி19 என்றொரு அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றப்பட்ட டி செல் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துக் கொல்லும். நல்ல பி செல்லிலும் கெட்ட பி செல்லிலும் அந்த அடையாளம் இருப்பதால் இரண்டுமே சாகும். பின்னால் வரும் சிக்கல்கள் சிலவற்றுக்கு இதுதான் காரணம்.

முதலில், திரும்பி வந்திருப்பது அந்த நோய்தான் என்பதை உறுதிசெய்ய வேண்டும். லுகீமியா என்றால் மறுபடி மேரோ, அதாவது எலும்பு மஜ்ஜை, எடுத்து ஃப்ளோ சைட்டோமெட்ரி பார்ப்பார்கள். பத்தாயிரம் செல்லில் ஒன்று கெட்டதாக இருந்தாலும் இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். அப்படி மிஞ்சியிருக்கும் நோயை எம்ஆர்டி என்று சொல்வார்கள். லிம்போமாவில் ஒரு பொறி இருக்கிறது. பெட் ஸ்கேனில் கழுத்து நெறி பளிச்சென்று ஒளிர்ந்ததும் நோய் திரும்பிவிட்டதாக முடிவுகட்டிவிடக் கூடாது. நம் நாட்டில் அது காசநோயாகவும் இருக்கலாம். கீமோ எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காசநோய் எழுந்துகொள்வது உண்டு. எனவே மீண்டும் பயாப்ஸி தேவை. அந்தத் திசுவில் சிடி19 இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி இதற்குப் போதாது, திசுத் துண்டாகவே எடுக்க வேண்டும்.

அடுத்து மருந்துகள். லிம்போமா திரும்பும்போது சாதாரணமாகக் கொடுக்கப்படும் பெண்டமஸ்டின், டி செல்களை வெகுநாள் முடக்கிப்போடும். அதைப் போட்டு ஒன்பது மாதத்துக்குள் டி செல் சேகரித்தால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃப்ளூடராபின் அடங்கிய கீமோவிலும் இதே சிக்கல். பிளினாட்டுமோமாப் என்ற ஊசி மருந்தும் சிடி19ஐக் குறிவைத்துத்தான் வேலை செய்கிறது. அது நல்ல மருந்து, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் நோய் திரும்பினால் சில நேரம் சிடி19 இல்லாத செல்கள் மட்டும் மிஞ்சி நிற்கும். கார் டி செல்லுக்குப் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. இந்த மருந்துகளை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நோய் வேகமாக ஏறும்போது உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. எதை எதற்கு முன்னால் போடுவது என்ற வரிசையைப் பற்றி ஒரு பேச்சு நடக்க வேண்டும், அந்தப் பேச்சில் டிரையலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டீராய்டும் அப்படித்தான். வலிக்கும் வீக்கத்துக்கும் தினமும் போடும் பிரெட்னிசோலோன் டி செல்களை அடக்கிவைக்கும். சேகரிப்புக்குக் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஏழு நாள் முன்பாகவே அதை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பல மாதமாகப் போடுகிறவர் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம்.

இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டிய ஓர் எண் சாதாரண சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. மொத்த வெள்ளையணுவை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் லிம்போசைட் எண்ணிக்கை கிடைக்கும். மொத்தம் 2,000, லிம்போசைட் 15 சதவீதம் என்றால் 300. ஒவ்வொரு டிரையலுக்கும் ஒவ்வொரு வரம்பு உண்டு, ஆனாலும் 200-லிருந்து 500-க்குள் இருந்தால் சேகரிப்பு சிரமம், 200-க்குக் கீழே போனால் மிகவும் சிரமம். கெட்ட செல்கள் ரத்தத்தில் சுற்றும் லுகீமியாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும். பிளாஸ்ட் செல்களையும் மெஷின் லிம்போசைட் என்று எண்ணிவிடும். அவர்களுக்கு டி செல்லின் அடையாளமான சிடி3 எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஃபைல்

டிரையல் நடக்கும் மருத்துவமனையில் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, அவருடைய ஃபைலைத்தான். அது அரைகுறையாக இருந்தால் இரண்டு வாரம் பறிபோகும். முதல்முறை நோய் கண்டுபிடித்தபோது எடுத்த ஃப்ளோ ரிப்போர்ட், குரோமோசோம் ரிப்போர்ட், ஒவ்வொரு கீமோவின் பெயரும் தேதியும் அளவும், எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும், பெட் ஸ்கேன் படங்கள் உள்ள சிடி டிஸ்க், கடைசியாக எடுத்த இதய எக்கோ, ஹெபடைட்டிஸ் பி-சி, ஹெச்ஐவி ரிசல்ட். டாக்ஸோரூபிசின் வகை மருந்து இதுவரை மொத்தம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று ஒரு தாளில் கூட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆயுளுக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 450 மி.கி. போல ஆகும்போது இதயத்துக்கு ஆபத்து ஏறும். டிரையல் டாக்டர் அதைக் கேட்பார்.

எல்லோரும் மறப்பது மெழுகு பிளாக்கை. பயாப்ஸி எடுத்த திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைச் சதுரம், கீழே ஒரு பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் பேனாவால் எழுதிய எண். கண்ணாடி ஸ்லைடு கொடுத்தாலே போதும் என்று லேபில் சொல்வார்கள். புதிய பரிசோதனைகளுக்கு அது போதாது, பிளாக்கிலிருந்துதான் மறுபடி சீவி எடுக்க வேண்டும். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். வாங்கும்போது பிளாக் எண்ணையும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணையும் அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். கோடைக்காலத்தில் காரின் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். மெழுகு இளகிவிடும்.

எங்கே என்ன டிரையல் நடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவில் நடக்கும் டிரையல் எதுவானாலும் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நோயின் பெயரைக் கொடுத்தால் டிரையல் எந்த ஊர்களில், எந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், ஆள் சேர்ப்பு திறந்திருக்கிறதா மூடிவிட்டதா என்று எல்லாம் இருக்கும். பதிவேட்டில் "திறந்திருக்கிறது" என்று இருந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகே ரயில் ஏறுங்கள். இடம் நிரம்பிய பிறகும் அந்த வரி மாறாமல் கிடப்பது உண்டு.

டிரையலில் சேர்வதற்கு என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். "ஸ்டெம் செல் தெரபி" என்று பலகை மாட்டி லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் அது டிரையலே இல்லை.

இந்தியாவில் உருவான முதல் கார் டி செல் மருந்து நெக்ஸ்கார்19. மும்பை ஐஐடியில் ராகுல் புர்வாரின் குழு உருவாக்கியதை, டாடா மெமோரியல் மருத்துவர்கள் நவி மும்பை கார்கரில் இருக்கும் ஆக்ட்ரெக் மையத்தில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். முதல் நோயாளிக்கு 2021-இல் செலுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. 2025-இல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் முடிவுகள் வந்தன: 64 பேர் பங்கேற்றார்கள், பலனை மதிப்பிட முடிந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது, சிகிச்சையின் விளைவாகவே இரண்டு பேர் இறந்தார்கள். இந்த மூன்று எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 73-ஐ மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவர்கள் மற்ற இரண்டை விட்டுவிடுகிறார்கள். நோய் மறைந்தது என்றால் நிரந்தரமாகப் போய்விட்டது என்று பொருள் இல்லை. அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற முதல் கார் டி செல் மருந்தின் டிரையலில் 75 குழந்தைகளும் இளைஞர்களும் இருந்தார்கள். 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் லுகீமியா மறைந்தது. அப்படி மறைந்தவர்களுக்கு ஒரு வருட முடிவில் நோய் திரும்பாமல் இருப்பதற்கான வாய்ப்பு 59 சதவீதமாக இருந்தது.

அனுமதி பெற்றுவிட்டதால் நெக்ஸ்கார்19 இப்போது விலைக்குக் கிடைக்கும் மருந்து, பல லட்சம் ரூபாய். டிரையலாக நடப்பவை வேறு: குழந்தைகளுக்கானவை, மயலோமா என்ற வேறொரு ரத்தப் புற்றுநோய்க்கானவை, இரண்டு அடையாளங்களை ஒரே நேரத்தில் பிடிப்பவை. ஒரு டிரையல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பது முக்கியம். முதல் கட்டத்தில் எந்த அளவு பாதுகாப்பானது என்றுதான் தேடுகிறார்கள். வழக்கமான முறையில் மூன்று பேருக்கு ஓர் அளவு கொடுப்பார்கள். யாருக்கும் கடுமையான பாதிப்பு வரவில்லையென்றால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேரைப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு வந்தால் அந்த அளவு கைவிடப்படும். நீங்கள் எத்தனையாவது ஆள், உங்கள் அளவில் இதற்கு முன் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்பதில் தவறே இல்லை. அந்தக் கேள்வியை விரும்பாத டாக்டரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.

"நம்மை எலி மாதிரி வைத்துப் பார்க்கிறார்கள்" என்று உறவினர் ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். அவருக்கு ஒன்று சொல்லலாம். இன்று நம் ஊரில் குழந்தைகளின் லுகீமியா குணமாகிறது என்றால், 1980-களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் மும்பை டாடாவும் டெல்லி எய்ம்ஸும் நடத்திய எம்சிபி 841 என்ற சிகிச்சைத் திட்டத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு அது புதிது. அதை நம்பித் தங்கள் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர்கள் இருந்தார்கள்.

முதல் கையெழுத்து

ஒப்புதல் படிவம் இருபது முப்பது பக்கம் வரும். உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மும்பையிலோ பெங்களூரிலோ சேர்ந்தாலும் தமிழ்ப் படிவம் கேளுங்கள். அந்த மொழிபெயர்ப்பும் எத்திக்ஸ் கமிட்டி (டிரையலின் நெறிமுறைகளைக் கண்காணிக்கும் குழு) ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொண்டு மறுநாள் வரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, மருத்துவமனையைச் சேராத சாட்சி ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் தனியாகச் சம்மதம் கேட்பார்கள். சில டிரையல்களில் இதையெல்லாம் வீடியோவாகவும் பதிவு செய்வார்கள். கையெழுத்துப் போட்டதும் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும்.

படிவத்தின் கடைசியில் தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், உறவு முறை என்று கட்டங்கள் இருக்கும். இதைப் பார்த்ததும் பல குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. சாவை எதிர்பார்த்துக் கேட்பதாகத் தோன்றும். அந்தக் கட்டங்கள் உங்கள் பாதுகாப்புக்காக இருப்பவை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, டிரையலால் பாதிப்போ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும். அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே நாமினி. எனவே அதை வெறுமையாக விடாதீர்கள்.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. டிரையலால் உடம்புக்கு ஏதாவது ஆனால் தேவைப்படும் காலம் வரை மருத்துவம் இலவசம். அது டிரையலால் ஆனதல்ல என்று நிரூபிக்கப்படும் வரைக்கும் இலவசம்தான். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு மட்டும் இழப்பீடு கிடையாது. எந்த நேரமும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். அப்படி விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. படிவத்தில் எத்திக்ஸ் கமிட்டியின் தொடர்பு விவரம் இருக்கும், அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள். டிரையல் மருந்து இலவசம் என்பதாலேயே எல்லாமே இலவசம் என்று ஆகாது. செல்கள் தயாராகும் வரை போடும் இடைக்கால கீமோ யார் செலவு? பெட் ஸ்கேன்? ஐசியூ? ரத்தம், பிளேட்லெட்? பயணச் செலவும் தங்கும் செலவும் உண்டா? பதிலைப் படிவத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பரிசோதனை நிலையில் இருக்கும் சிகிச்சையைப் பல காப்பீட்டு பாலிசிகள் ஏற்பதில்லை. ரயிலில் போகிறவர்கள் மருத்துவமனையில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளலாம். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு.

ஊசியிலிருந்து பை வரை

டி செல் சேகரிப்புக்கு லூக்கஃபெரிஸிஸ் என்று பெயர். டயாலிசிஸ் போலத் தெரியும். ஒரு பக்கம் ரத்தம் வெளியே போய், மெஷினில் சுழன்று, வெள்ளையணு மட்டும் பிரிந்து, மீதி மறுபக்கமாகத் திரும்பி வரும். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும். கைநரம்பு போதாதவர்களுக்குக் கழுத்தில் கதீட்டர் போடுவார்கள். மெஷினுக்குள் ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் சேர்க்கிறார்கள், அது உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருக்கும், பிறகு விரல் நுனி மரக்கும். இதைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். சொன்னதும் கால்சியம் ஏற்றுவார்கள் அல்லது வேகத்தைக் குறைப்பார்கள், ஐந்து நிமிடத்தில் சரியாகும். சொல்லாமல் விட்டால் கை இழுத்துக்கொள்ளும். சேகரிப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, ஏற்றும் ரத்தமும் பிளேட்லெட்டும் கதிர்வீச்சு செய்ததாக இருக்க வேண்டும் என்றும் பல மையங்களில் சொல்வார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ரத்தம் கொடுத்தவரின் டி செல்லும் பையில் கலந்துவிடலாம்.

பிறகு காத்திருப்பு. செல்களைத் தூண்டி, வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தி, வளர்த்து, கிருமி இல்லை என்று சோதித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அனுப்ப மூன்று நான்கு வாரம் ஆகும். இந்த வாரங்கள்தான் மிகக் கொடுமையானவை. நோயைக் கட்டிவைக்க இடைக்கால கீமோ கொடுப்பார்கள். அதைக் கூட்டினால் தொற்று வரும், குறைத்தால் நோய் ஏறும். நோயை அழிப்பது இந்தக் கீமோவின் வேலை இல்லை, தயாரான செல்கள் அடங்கிய பை வந்து சேரும் வரை நோயாளியை நல்ல நிலையில் நிறுத்தி வைத்தால் போதும். சில நேரம் ஆய்வகத்தில் செல் வளராமலே போய்விடும். அப்படி ஆனால் மறுபடி சேகரிப்பார்களா, மாற்றுத் திட்டம் என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

பை வந்ததும் மூன்று நாள் ஃப்ளூடராபினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் கொடுத்து, உள்ளே இருக்கும் பழைய லிம்போசைட்டைக் குறைத்து இடம் உண்டாக்குவார்கள். இரண்டு நாள் ஓய்வு. பிறகு பையை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, அரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுவார்கள். இத்தனை மாத அலைச்சலும் சில டீஸ்பூன் கலங்கிய திரவத்தில் அடங்கிவிடும். உறைய வைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓவால் நோயாளியின் மூச்சில் ஒன்றிரண்டு நாள் பூண்டு வாடை வரும். பயப்பட வேண்டாம்.

காய்ச்சலும் இரண்டாவது கையெழுத்தும்

முதல் வாரத்துக்குள் காய்ச்சல் வருவது சகஜம். டி செல்கள் வேலை தொடங்கும்போது கொட்டும் ரசாயனங்களால் வருவது இது, சிஆர்எஸ் என்று சொல்வார்கள். காய்ச்சல் மட்டும் இருந்தால் முதல் நிலை. ரத்த அழுத்தம் இறங்கினாலோ ஆக்ஸிஜன் குறைந்தாலோ அடுத்தடுத்த நிலை. 2012-இல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு, குழந்தைகளில் முதலாவதாக, இந்தச் சிகிச்சை கொடுத்தபோது இந்தக் காய்ச்சலில் உயிரே போகும் நிலைக்கு வந்துவிட்டாள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்துதான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. இன்று எல்லா மையத்திலும், செல் ஏற்றுவதற்கு முன்பே அந்த மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 8 மி.கி., முப்பது கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 12 மி.கி. எத்தனை டோஸ் இருப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் நீங்களே பாராசிட்டமால் கொடுத்துத் தணிக்காதீர்கள், முதலில் நர்ஸைக் கூப்பிடுங்கள். சிஆர்எஸ்ஸா தொற்றா என்று தொடக்கத்தில் யாராலும் பிரிக்க முடியாது. அதனால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்தே தொடங்குவார்கள்.

காய்ச்சலைவிட நுட்பமாக வருவது மூளைக் குழப்பம். இதைக் கண்டுபிடிக்கப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சின்னப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். என்ன வருடம், என்ன மாதம், எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதற்கு நான்கு. மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேட்டால் மூன்று. சொன்னதைச் செய்தால் ஒன்று. ஒரு வாக்கியம் எழுதினால் ஒன்று. நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணினால் ஒன்று. ஏழு முதல் ஒன்பது வரை என்றால் லேசான பாதிப்பு, இரண்டும் அதற்குக் கீழும் என்றால் தீவிரம்.

இதில் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் எழுத்துதான். எனவே கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, செல் ஏற்றுவதற்கு முந்தைய நாளே தொடங்குங்கள். தினமும் காலையிலும் மாலையிலும் அதே ஒரு வாக்கியம், அதே பேனா, பக்கத்தில் தேதியும் நேரமும். "இன்று காலை இட்லி சாப்பிட்டேன்" போதும். முதல் நாள் எழுத்து நேராக, கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். குழப்பம் தொடங்கும்போது முதலில் புள்ளிகள் காணாமல் போகும், "இட்லி" "இடலி" ஆகும். பிறகு கொம்பு இடம் மாறும், வரி கீழே சரியும். ஒரே எழுத்தை இரண்டு மூன்று முறை எழுதுவார். கேட்டால் "நல்லாத்தான இருக்கேன்" என்பார்.

வெளிமாநில மருத்துவமனையில் நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. கோடு சரிவது மட்டும்தான் அவர் கண்ணில் படும், புள்ளி விட்டுப்போனது படாது. அதைப் பிடிக்கக்கூடியவர் கூட இருக்கும் அட்டெண்டர்தான். எனவே அட்டெண்டராக வருகிறவர் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். எழுத்து மாறியது கண்ணில் பட்டால் அடுத்த ரவுண்டு வரை காத்திருக்காதீர்கள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், நேற்றைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். டாக்டர் சீக்கிரம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். எழுதத் தெரியாதவர் என்றால் அதற்குப் பதிலாக என்ன பார்ப்பது என்று முன்கூட்டியே டாக்டரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். தினமும் கோலம் போட்டுப் பழகியவர் என்றால் நான்கு புள்ளிக் கோலம்கூட உதவும்.

அதற்குப் பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது. முதல் நான்கு வாரம் மருத்துவமனையிலிருந்து இரண்டு மணி நேர தூரத்துக்குள் தங்கச் சொல்வது வழக்கம். எட்டு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றும் பல டிரையல்களில் எழுதியிருக்கும். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் போக வேண்டும். எந்த வாசல் வழியாகப் போவது, இரவில் யாரை அழைப்பது என்பதைப் பகலிலேயே ஒருமுறை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்த அணுக்களின் கவுன்ட் ஒருமுறை ஏறிவிட்டு மறுபடி இறங்கும். பலர் இதை நோய் திரும்பியதாக நினைத்து நொறுங்கிப்போகிறார்கள். இந்தச் சிகிச்சையில் மூன்றாவது நான்காவது வாரத்திலும் இப்படி இறங்குவது உண்டு. நல்ல பி செல்லும் செத்துவிடுவதால் எதிர்ப்புப் புரதம் குறையும். அந்தப் புரதமான ஐஜிஜியின் அளவு 400-க்குக் கீழே போய்த் தொற்றும் அடிக்கடி வந்தால், கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கில் மாதம் ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள். இதன் விலை அதிகம். டிரையல் செலவில் இது சேருமா என்பதையும் முன்பே கேட்டிருக்க வேண்டும். நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரைமாக்ஸசோல், அக்கிக்கு அசைக்ளோவிர், பழைய ஹெபடைட்டிஸ் பி இருந்தவருக்கு என்டகாவிர். உடம்பு தேறிவிட்டது என்று இவற்றை நடுவில் நிறுத்திவிடுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு.

இருபத்தெட்டாவது நாளை ஒட்டி முதல் தேர்வு: லுகீமியாவுக்கு மேரோவும் எம்ஆர்டியும், லிம்போமாவுக்குப் பெட் ஸ்கேன். பிறகு மூன்றாவது மாதம், ஆறாவது மாதம். லுகீமியாவில் பி செல் எண்ணிக்கையையும் கூடவே பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் நல்ல பி செல் திரும்ப முளைத்தால் கார் டி செல் தளர்ந்துவிட்டது என்று பொருள். நோய் இன்னும் தலைகாட்டாத அந்த இடைவெளியில்தான் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டும். எனவே மஜ்ஜை கொடுக்கத் தகுமா என்று காட்டும் ஹெச்எல்ஏ பொருத்தத்தை உடன்பிறந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே பார்த்து வைத்திருந்தால் இங்கே ஒரு மாதம் மிச்சமாகும். நோய் சிடி19 இல்லாமல் திரும்பினால் அதே மருந்தை மறுபடி ஏற்றிப் பயனில்லை. சிடி22 போல வேறு அடையாளத்தைப் பிடிக்கும் மருந்துகளைத் தேட வேண்டியிருக்கும். அதற்கும் இதே ஃபைலும் இதே மெழுகு பிளாக்கும் வேண்டும், அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

மரபணு மாற்றிய செல் என்பதால் பதினைந்து ஆண்டு வரை தொடர்ந்து பார்க்கச் சொல்வார்கள். அரிதாக டி செல்லிலேயே புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையை 2024-இல் அமெரிக்க மருந்து அமைப்பு இந்த வகை மருந்துகளின் அட்டையில் சேர்க்கச் சொன்னது. போன் நம்பர் மாறினாலும் வீடு மாறினாலும் டிரையல் கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லிவிடுங்கள். பர்ஸில் ஓர் அட்டை எப்போதும் இருக்கட்டும்: கார் டி செல் ஏற்றிய தேதி, டிரையல் மையத்தின் எண், "கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும்", "டிரையல் டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம்". உள்ளூர் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் இருக்கும் டாக்டர் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்படாதவராகவும் இருக்கலாம். அவருக்காகத்தான் அந்த அட்டை. எனவே தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் மறுபக்கமுமாக எழுதி, லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.